கங்காணி அக்காவின் ஏச்சு

விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றதும் அவருடைய முதல் ஏச்சு வானத்துக்குத்தான். "இந்தா, இன்னைக்கும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிது பாரு. ஒழுங்கா விடியத் தெரியாதா இதுக்கு?" என்பார். அடுத்தது பனிக்கு. அதற்கடுத்தது வழுக்கும் படிகளுக்கு. பிறகு அட்டைகளுக்கு, தன்னுடைய இடது முழங்காலுக்கு, அவசரத்தில் பிசைந்ததால் கல்லாகிப்போன காலை ரொட்டிக்கு. எங்கள் பெயர்களைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் உலகத்தில் ஏச வேண்டியதையெல்லாம் ஏசி முடித்துவிட்டு, தலையில் போர்த்திய கொங்காணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி வாங்கடி, போய்த் தொலைவோம்" என்று முதல் ஆளாக மலை ஏறுவார். அவர் பின்னால் நாங்கள் ஏறுவோம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்த பெண்கள் நாங்கள். அவர் எங்கள் கங்காணி அக்கா.

இப்போது நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கும் துவாய்களுக்கும் பொறுப்பாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து யாராவது வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். இந்த முறை வந்தவர் நல்ல மனிதர். வேலை கையில் இல்லை, மனதில் இருக்கிறது என்றார். நம்பிக்கை உள்ளவன், விழுந்தால் எழுந்திருக்கிறவன், தன்னால் முடியும் என்று நினைக்கிறவன்தான் நன்றாக வேலை செய்வான், குறை சொல்கிறவன் தானும் கெட்டுக் கூட இருக்கிறவனையும் கெடுப்பான் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். பிறகு, உங்கள் வாழ்க்கையில் வேலை மீது அப்படி நல்ல மனம் கொண்ட ஒருவரைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள் என்றார். பக்கத்தில் இருந்த சமையல்கட்டுத் தம்பி நிச்சயமாகத் தூங்கிவிட்டார். எனக்குக் கங்காணி அக்காவின் முகம் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டேன். யாரை நினைத்தீர்கள் என்று கேட்டார். "ஒரு நாளும் நல்ல வார்த்தை பேசாத ஒரு அக்காவைங்க சேர்" என்றேன். கேள்வி எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, பாவம், மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார்.

அவருக்கு அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து பெரட்டில் நின்றால், காதுக்கு இந்த அர்ச்சனை. விடிந்ததும் விடியாததுமாக எதற்கு இந்தப் பொலம்பல் என்று எரிச்சலாக வரும். ஆனால் அவர் நிரைக்குப் பக்கத்து நிரை கிடைக்கிற அன்று எனக்குக் கொழுந்து கூடுதலாக விழும். இதை நான் கவனிக்கவே வெகுகாலம் ஆனது. அவர் ஏசிக்கொண்டே போவார், கை பாட்டுக்குக் கை போகும். கேட்டுக்கொண்டே நானும் போவேன். நிமிர்ந்து பார்த்தால் நிரை முடிந்திருக்கும்.

கங்காணி வேலை எங்கள் பக்கத்தில் அதுவரை ஆண்களுக்கே உரியது. பறிப்பவர்கள் பெண்கள், பின்னால் கம்போடு நின்று விரட்டுபவர் ஆண். அக்காவின் முழங்கால் நீர் கோத்து வீங்கத் தொடங்கிய சமயத்தில்தான் எங்கள் பழைய கங்காணி வேலையை விட்டுப் போனார். பெண் ஒருத்தியைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு எண்ணம் இருந்தது. வேலையில் பழக்கமானவர் என்று அக்காவைப் போட்டார்கள். ஆனால் நிபந்தனையோடு. அந்தப் பருவம் முடியும்வரை பார்ப்பார்கள், கொழுந்து குறைந்தால் பழையபடி ஓர் ஆணைப் போடுவார்கள். கண்டாக்கையா, அதாவது எங்கள் மலைகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர், இதை எல்லோர் முன்னாலும் வைத்தே சொன்னார். அவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அக்காவுக்கு அது வெறும் பதவி இல்லை. அந்த முழங்காலோடு இனி அவரால் கூடை சுமந்து பறிக்க முடியாது. கங்காணி வேலையும் போனால், கொழும்பில் மகன் பார்த்து வைத்திருந்த ஒரு பெரிய வீட்டுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் போக வேண்டியதுதான். மகனையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் அங்கே ஒரு சின்ன அறைதான். "ஊரான் வீட்டு அடுப்படியில போய்க் கெடக்கிறதுக்கா இத்தன வருசம் இந்த மலையில அட்டக்கடி பட்டேன்?" என்று ஒருநாள் பீலிக்கரையில் துணி அலசும்போது கேட்டார். எல்லாவற்றையும் ஏசுகிற குரலில்தான் கேட்டார், ஆனால் அன்று கை அசையவில்லை. நான் அவர் துணியையும் சேர்த்துப் பிழிந்து கொடுத்தேன்.

கங்காணி ஆன பிறகு ஏச்சு இரட்டிப்பானது. முன்பு ஒரு நிரைக்குக் கேட்டது இப்போது மலை முழுவதற்கும் கேட்டது. ஆனால் நிரை பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மற்றக் கங்காணிமார் வேண்டியவளுக்கு நல்ல நிரையும் வேண்டாதவளுக்குப் பள்ளத்து நிரையும் கொடுப்பார்கள். இவர் யாருக்கு அன்றைக்கு என்ன பாரம் என்று முகத்தைப் பார்த்துக் கொடுப்பார். எங்களில் ஒரு தங்கச்சி, பிறந்து சில நாட்களே ஆன பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தாள். நாங்களெல்லாம் அவளைச் சுற்றி நின்று அழுதழுது ஆறுதல் சொன்னோம். அவள் செடியின் மேல் கையை வைத்தபடி மரம் மாதிரி நின்றாள். அக்கா வந்தார். ஆறுதல் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவளைத் தனக்குப் பக்கத்து நிரையில் நிறுத்திவிட்டுச் செடியை ஏசத் தொடங்கினார். "ஏய், அவ கைய ஏன்டி கிழிக்கிற? ஆளு தெரியலயா ஒனக்கு? கிழிக்கிறதுன்னா இந்தா, என் கையக் கிழி. கெழட்டுத் தோலு, ஒனக்குத்தான் பல்லு ஒடையும்." தங்கச்சியின் உதடு லேசாக அசைந்தது. பிறகு விரல் அசைந்தது. அன்று சாயங்காலம் கொழுந்து மடுவத்தில் நிறுத்தபோது அவளுக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தது. தராசை அக்கா அதற்கும் ஏசினார், முள் தயங்குகிறதாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு வெல்பெயார் மிஸ் வந்தார். ஹட்டன் பிள்ளை, படித்தவர், நல்ல மனசு. எங்களுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று துடித்தவர். பிள்ளைக்காம்பராவில் எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். மேற்பார்வை செய்கிறவர்கள் அன்பாகப் பேச வேண்டும், பாராட்ட வேண்டும், அப்போதுதான் வேலையாட்கள் உற்சாகமாக உழைப்பார்கள் என்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை, எங்களுக்கும் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வகுப்பு முடிந்ததும் கண்டாக்கையா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "கேட்டீங்கதானே? ஒங்க வாய் பத்தி எனக்கு எத்தன பேர் சொல்லிட்டாங்க. பருவம் முடியப் போகுது, பாத்துக்கங்க" என்றார். அந்த எத்தனை பேரில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. ஆனால் அக்காவுக்கு அது தெரியாது. நாங்கள்தான் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அன்று லயத்துக்கு இறங்கும்போது ஒரு கல்லைக்கூட அவர் ஏசவில்லை.

மறுநாள் பெரட்டில் தூறல். அக்கா வானத்தைப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"நல்ல குளிர்ச்சியா இருக்கு பாருங்க. கொழுந்துக்கு நல்லது" என்றார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வாங்கடி"யும் இல்லை, "தொலைவோம்" என்பதும் இல்லை. "வாங்கம்மா, மெதுவா ஏறுவோம்" என்றார். ஏறினோம். மலையில், "நீங்க ரொம்ப நல்லா எடுக்கிறீங்க" என்று என்னிடம் சொன்னார். பத்து வருடம் 'அடியே' என்று கூப்பிட்டவர் நீங்கள் நாங்கள் என்றால் எப்படி இருக்கும்? எங்கள் லயங்களில் நல்ல வார்த்தை எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையை விரித்த பிறகு வரும். வேலையை விட்டு நிற்பாட்டப் போகிறவர்களிடம் துரை தோளைத் தட்டும்போது வரும். சாவு வீட்டுச் செய்தியைக் கொண்டுவருகிறவர் முதலில் நாம் சாப்பிட்டோமா என்று கேட்பார். பத்து மணித் தேத்தண்ணிக்குள் மலை முழுக்கக் கதை பரவிவிட்டது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்றாள் ஒருத்தி. ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவர்களை நிற்பாட்டப் போகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. இல்லை, அக்காவுக்கே ஏதோ பெரிய வியாதி, நம்மிடம் விடைபெற்றுக்கொள்கிறார் என்று மூன்றாமவள் மூக்கைச் சிந்தினாள். இருவர் பாதி நிரையில் கூடையைப் போட்டுவிட்டு, உண்மை என்ன என்று விசாரிக்க ஆபீஸ் பக்கம் இறங்கிப் போனார்கள். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், ஆனால் அன்று எங்களில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவிடமே கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு என் கடைசி நம்பிக்கையும் போனது.

அன்று கொழுந்து குறைந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. கை செடியில் இருந்தாலும் மனம் எங்கேயோ கிடந்ததால் முத்தல் இலையும் தண்டும் கூடைக்குள் வந்தன. மழை, அட்டை, வழுக்கல் என்று எதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதபோதுதான் மழை எவ்வளவு குளிர், கூடை எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. அதுவரை எங்களுக்கெல்லாம் சேர்த்து அவர் ஏசிக்கொண்டிருந்தார். நாங்கள் முறையிட்டால் பேர் வெட்டுவார்கள் என்ற பயம் எங்களுக்கு. அவர் ஏசினால், அது அவர் குணம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் நெஞ்சில் கிடந்ததை இன்னொரு வாய் சொல்லிவிடுவதால் நாங்கள் லேசாக வேலை செய்திருக்கிறோம். இது அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கவில்லை. ஏதோ கையொடிந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

வாரக் கடைசியில் துரையே மலைக்கு வந்துவிட்டார். கூடவே கண்டாக்கையாவும். அக்கா கொங்காணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பு வீட்டின் அடுப்படி என் கண்ணுக்கே தெரிந்தது. துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஏன் கொழுந்து குறையுது? கங்காணி ஏசுறாங்களா?" என்று எங்களைக் கேட்டார். எப்படிப் பேசுவோம்? துரைக்கு முன்னால் பேசியே எங்களுக்குப் பழக்கமில்லை. கடைசியில், பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தங்கச்சிதான் வாய் திறந்தாள்.

"ஏசுறதில்லைங்க தொரை. அதாங்க பயமா இருக்கு. அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சிங்க. பழையபடி ஏசச் சொல்லுங்க."

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா வானத்தைப் பார்த்தார். அக்கா தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க தொரை. ஆகிறதுக்கு என்னா இருக்கு? நீங்க நிக்கிற எடத்துக்கு மேல தண்ணிக் கான் ஒடஞ்சி எல்லாம் பாதையில ஓடுது, அதுக்கு ஒண்ணும் ஆகல. தாண்டுறதுக்குப் போட்டிருந்த பலகையத் தண்ணி கொண்டு போயிருச்சி, இவளுக கூடையோட பாய வேண்டியிருக்கு. மழைக்கு இடுப்புல கட்டப் படங்கு குடுத்தீங்க, ஒருக்காக் கட்டுனா கிழியுது. இதெல்லாம் யாருங்க கேக்கிறது? இந்த மழையக் கேக்கவா, இந்த அட்டையக் கேக்கவா, பாழாப்போன இந்த மலையக் கேக்கவா?" ஒரே மூச்சு. மூச்சு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னாடி வேடிக்க? நாடகமா நடக்குது இங்க? கொழுந்து முத்திப் போகுமுன்ன எடுங்கடி!"

அந்த 'டி'யைக் கேட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாத் தலையும் குனிந்தது, எல்லாக் கையும் செடிக்குப் போனது. துரைக்கு முன்னால் இப்படிப் பேசியதோடு அக்கா கதை முடிந்தது என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும் கை நிற்கவில்லை, பட் பட்டென்று கொழுந்து ஒடிகிற சத்தம் மலை முழுக்கக் கேட்டது. துரை கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றார். கண்டாக்கையாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று கண்டாக்கையா கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கானுக்குக் குறுக்கே புதுப் பலகை வந்தது. பருவம் முடிந்தது, அடுத்த பருவம் தொடங்கியது, அக்கா கங்காணியாகவே இருந்தார். நிரந்தரம் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. "வேல ஒனக்குத்தான்னு ஒரு வார்த்த சொன்னா இவுகளுக்கு வாய் சுளுக்கிக்குமா?" என்று அதையும் ஏசினார். வெல்பெயார் மிஸ் ஒருநாள் மலைக்கு வந்து, எங்களோடு நின்று அக்காவின் ஏச்சைக் கேட்டு, சிரித்துச் சிரித்துச் செடியைப் பிடித்துக்கொண்டார்.

ஹோட்டல் வகுப்பில் அந்தக் கொழும்பு மனிதர் சொன்ன நம்பிக்கையையும், விழுந்து எழுந்திருக்கிற மனதையும் நான் மறுக்கவில்லை. அது அக்காவிடம் மலைபோல இருந்தது. அவர் எதை வேண்டுமானாலும் ஏசியிருக்கிறார், ஆனால் முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இந்த மழையில எவ கொழுந்து எடுப்பா?" என்று கேட்டபடியே படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். வேலையைத் திட்டிக்கொண்டே வேலை மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்குத் திரையில் காட்டப் படம் கிடையாது. என் கீழே வேலை செய்யும் பிள்ளைகளில் யாராவது படிக்கட்டை ஏசிக்கொண்டே துணிமூட்டையைத் தூக்கி வந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றுமே சொல்லாமல் வருகிறவளைத்தான் கூப்பிட்டு விசாரிக்கிறேன்.

பிள்ளைகளின் படிப்புக்காக நான் நுவரெலியாவுக்கு வந்துவிட்டேன். அக்கா பென்சன் வயதுவரை அந்த மலையிலேயே இருந்தார். கடைசி நாள் மடுவத்தில் மாலை போட்டபோது, பூவில் எறும்பு இருக்கிறது என்று ஏசினாராம். இப்போது கொழும்பில் மகன் வீட்டில் இருக்கிறார், வேலைக்காரியாக இல்லை, அப்பாயியாக. மகனும் இப்போது கொஞ்சம் வசதியான வீட்டுக்கு மாறிவிட்டார். அக்கா அவ்வப்போது போன் பண்ணுவார். கொழும்பு வெயில், நுளம்புக்கடி, பஸ் சத்தம், பேத்தி சாப்பிடாத சோறு என்று வரிசையாக ஏசி முடித்த பிறகுதான் என்னை நலம் விசாரிப்பார்.

போன மாதம் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தலவாக்கலையில் பஸ் மாறி, பழைய பாதையில் இறங்கி நடந்தேன். ஏழாம் நம்பரைப் பார்க்க வேண்டும் என்று மேலே ஏறினேன். ஏற முடியவில்லை. இடுப்பு உயரத்தில் நாங்கள் பறித்த செடிகள் மரங்களாகி நின்றன. இடையெல்லாம் மானாப் புல்லும் முள்ளும் கொடியும். பறிக்க ஆளில்லை என்று விட்டுவிட்டார்களாம். பெண்கள் பாதிப்பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும், மீதிப்பேர் என்னைப் போல ஹோட்டல்களில். எங்கள் நிரை எது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் மத்தியானம், விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வெயிலையும் நுளம்பையும் ஏசி முடித்துவிட்டுக் கேட்டார்: "திருவிழாவுக்குப் போனியாமே. ஏழாம் நம்பரு எப்புடிடி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா" என்றேன். "பச்சப்பசேல்னு ரொம்ப நல்லா இருக்கு."

மறுபக்கம் பேத்தி ஏதோ கேட்பதும், பின்னால் ஒரு பஸ் போவதும் கேட்டன.

"அப்ப காடாப் போச்சா?" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் ஏசத் தொடங்கினார். மலையைக் கைவிட்டவர்களை ஏசினார், மானாப் புல்லை ஏசினார், ஆள் ஆளுக்கு ஊரை விட்டுப் போன எங்களையும் தன் மகனையும் ஏசினார், போகாதே என்று சொன்ன முழங்காலைக் கேட்காமல் கொழும்புக்கு வந்த தன்னை ஏசினார். குரல் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்து சேர்ந்தது. முள் என் கையைக் கிழித்ததை நான் சொன்னேன், முள்ளை இருவரும் சேர்ந்து ஏசினோம். துணிமூட்டையோடு வந்த பிள்ளை வாசலில் நின்று என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மூட்டையை வைத்துவிட்டுப் போகும்படி கையைக் காட்டிவிட்டு, நான் அடுத்ததாக அந்த மலையின் மழையை ஏசத் தொடங்கினேன்.